தோளில் கிடக்கும் கை: பழைய ஸ்டுடியோ படங்களும் நம் அனுபவங்களும்

குன்னூர்க்காரன்

இரண்டு ஆண்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட 19-ஆம் நூற்றாண்டுப் படம் யார் கைக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அவ்வப்போது வரும். இங்கே ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆர்டர் குறைகிற மழை மாதங்களில் பழைய படங்களைச் சரிசெய்வதுதான் பிழைப்பு. இந்த மலை ஈரத்தில் பூஞ்சணம் பூத்த படங்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த படத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கெட்டி அட்டையில் ஒட்டிய கேபினெட் சைஸ். அவர் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா, கொய்னா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவராம். தலைப்பாகை, மூடிய கோட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே வயசுதான் இருக்கும். அவர் வலது கை இவர் தோளில். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள் என்பதால் மஞ்சளடித்திருந்தது, ஓரத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அட்டையின் பின்னால் ஸ்டுடியோ பெயர் இருக்கவேண்டிய இடமும் போய்விட்டது. இல்லையென்றால் நிக்கோலஸ் கம்பெனியா, பென் எடுத்ததா என்று சொல்லியிருப்பேன். அன்றைய ஊட்டியில் பேர்பெற்ற போட்டோகிராபர்கள் அவர்கள்தான்.

"பக்கத்துல நிக்கறவரு யாருன்னே தெரியல தம்பி. அவரை எடுத்துட்டு எங்க பாட்டியை வெச்சுக் குடுங்க" என்றார்.

ஆளை எடுப்பது பெரிய விஷயமில்லை. பின்னால் வரைந்த திரைதான். தூணையும் படிக்கட்டையும் நீட்டிவிட்டால் முடிந்தது. அந்த விரல்கள்தான் பாடு. நாலு விரலும் கோட்டை அழுத்தியதில் துணி சுருங்கியிருக்கிறது. விரலை அழித்தால் சுருக்கம் காட்டிக்கொடுக்கும், சுருக்கத்தை நீவினால் கோட்டின் மடிப்பெல்லாம் தப்பாகிவிடும். ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். உட்கார்ந்தவர் மார்பில் கை வைத்திருப்பது போலத்தான் மேலோட்டமாகத் தெரியும். நீர்க்கறையை விலக்க விலக்க, அந்தக் கை தோள்வரை போய் மற்றவரின் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டிருப்பது வெளியே வந்தது.

அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டு பேரும் இருக்கட்டும். கீழ அண்ணன் தம்பின்னு போட்டுருங்க" என்றார். படத்தை அப்படியே கொடுத்தேன், எழுத மட்டும் மாட்டேன் என்றேன். பேர் தெரியாத ஆளை உடனே அண்ணனாகவோ தம்பியாகவோ ஆக்கிவிடுவது நம் குடும்பங்களுக்குக் கைவந்த கலை.

அப்புறம், கை பழக நான் எடுத்துக்கொள்வது அமெரிக்கப் படங்கள். அங்கே நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் லில்ஜென்குவிஸ்ட் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. 1861–65 உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் படங்கள், இணையத்தில் இலவசம். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள், தோளோடு தோள், சிலர் கைகோத்து. நிறையப் படங்கள் டின்டைப், அதாவது மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்தவை. நெகட்டிவ் கிடையாது என்பதால் இடம் வலம் மாறி விழும். பெல்ட் பக்கிளில் உள்ள எழுத்துகூடத் திரும்பியிருக்கும். யார் கை யார் தோளில் என்று பேசுமுன் படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் ரோஸ் பொடியைத் தொட்டு வைப்பது அன்றைய ஸ்டுடியோ வழக்கம், மீசைக்காரச் சிப்பாய்க்கும் உண்டு. அது தெரியாத ஒரு செல்போன் செயலி ஒருவரைப் பெண்ணாகவே மாற்றிவிட்டது. கோத்த விரல்களை மாவுருண்டை ஆக்கிவைத்தது. ஒரே அழுத்தில் புதுசாக்குவதை நம்பி மூலப்படத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்று படம் பதியச் சில விநாடி ஆகும், அதுவரை அசையாமல் இருக்கத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அசையாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். அதன் அடிக்கட்டை பல படங்களில் ஷூவுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும். கை போட்டது, போடத் தோன்றியதால்தான். ஆனால் அதை வைத்தே உறவு இன்னதென்று அடித்துச் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்து ஆண்கள் தொடுவதற்குக் கூச்சப்படவில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனும் டிராம் கண்டக்டர் பீட்டர் டாய்லும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்கும் வாஷிங்டன் படத்தைப் பற்றிக் கொஞ்சம் துணிந்து பேசலாம், ஏனென்றால் விட்மன் டாய்லுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1897-இல் அச்சுக்கே வந்தன. நம் சின்கோனா ரைட்டருக்கு அந்த வசதி இல்லை.

கொடைக்கானல் ஹோம்ஸ்டே

என் மகன் நீங்கள் சொல்லும் அமெரிக்கப் படங்களைப் பெரிதாக்கி எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறான். தங்க வரும் காலேஜ் பையன்கள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு அதே போஸில் செல்ஃபி எடுப்பார்கள். பூண்டு மூட்டை ஏற்ற வரும் பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நாங்களும் இப்படித்தானுங்க எடுத்தோம்" என்றார், மறுநாள் கொண்டுவந்தும் காட்டினார். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு இறங்கியபோது எடுத்ததாம். அகலக் காலர் சட்டை, பின்னால் வரைந்த மலை, சுண்டுவிரலோடு சுண்டுவிரல். கூட இருப்பவர் யார் என்றேன். "சேக்காளி" என்றார், அவ்வளவுதான். வருஷா வருஷம் அவர் வீட்டுக்குப் பூண்டு போகிறது என்பதை அவர் மருமகள்தான் சொன்னாள்.

ஊட்டியிலிருந்து

பெயர் வேண்டாம். நானும் என்னோடு இருப்பவரும் ஒருபால் உறவு குற்றமில்லை என்று 377 தீர்ப்பு வந்த 2018-க்கு அப்புறம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டோம். செல்லில் ஆயிரம் இருக்கிறது, ஆனாலும் ஒன்று சட்டம் போட்டு வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் நாற்காலியில், அவர் நின்றுகொண்டு. "அண்ணன் தம்பியா சார்?" என்றார் போட்டோகிராபர். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் "இல்லீங்க" என்றுவிட்டார். கொஞ்சம் திக்கென்றது. போட்டோகிராபரோ "அப்ப கையை இன்னும் கொஞ்சம் உள்ள போடுங்க, விரல் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு லைட்டைத் திருப்பப் போய்விட்டார். குன்னூர்க்காரரே, கீழே எதுவும் எழுத மறுத்தது சரி. ஆனால் "நண்பர்கள்" என்று எழுதச் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பீர்களா?

குன்னூர்க்காரன்

மறுத்திருப்பேன். பேர் தெரிந்தால் பேர், தெரியாவிட்டால் ஊரும் ஸ்டுடியோவும் மட்டும்.

தனிச்செய்தியில் தகட்டுப் படம் பற்றிக் கேட்டவருக்கு: சின்னக் காந்தத்தைப் பின்பக்கம் கொண்டுபோங்கள், இழுத்தால் டின்டைப். ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், துரு ஏறிவிடும். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள், மழைக்கு முன் பார்த்துவிடலாம்.