ரோமில் இரண்டரை நாள்: ஞாயிறை என்ன செய்யலாம்?

வணக்கம். கணவன் மனைவி இருவருக்கும் ரோம் இதுதான் முதல் முறை. வெள்ளி மதியம் இறங்கி, திங்கள் காலை கிளம்ப வேண்டும். நடுவில் வருவது மாதத்தின் முதல் ஞாயிறு, சிக்கலே அதில்தான்.

அன்று கொலோசியம் இலவசம். ஆனால் முன்பதிவு கிடையாது, அன்றே நேரில் வரிசையில் நின்றுதான் சீட்டு. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கோ ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அதனால் வத்திக்கானைச் சனி காலை முதல் நேரத்துக்கு வைத்தாயிற்று.

கொலோசியத்தை வெள்ளி மாலையே காசு கொடுத்துப் பார்க்கலாமா? 24 மணி நேரச் சீட்டில் பக்கத்திலேயே இருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் சேர்த்தி. வெள்ளி 4 மணிக்கு நுழைந்தால், சனி 4 மணிக்குள் ஃபோரம் வாசலில் நிற்க வேண்டும். வத்திக்கானை முடித்து, அருகிலுள்ள ஒத்தாவியானோ நிலையத்தில் மெட்ரோ ஏறி, ரோமின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினியில் பி தடத்துக்கு மாறினால் கொலோசியோ நிறுத்தம். நேரத்துக்குள் போய்விடலாம் என்றே தோன்றுகிறது. பயம் விமானத் தாமதத்தில்தான்: சீட்டில் பெயரும் நுழைவு நேரமும் இருக்கும், நேரம் தவறினால் பணம் போச்சு. ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம்தான், ஆனால் குடியேற்ற வரிசை எவ்வளவு இழுக்கும்?

மெட்ரோ வாசலில் தட்ட ஆளுக்கொரு வங்கி அட்டை, புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை, தெருக்குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேல் துளையில் பீறிடும் குடிநீர், இதெல்லாம் தெரியும். ஞாயிறு இலவச வரிசையில் சமீபத்தில் நின்றவர்கள், எத்தனை மணிக்குப் போய் எப்போது உள்ளே நுழைந்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.