மரணப் பந்தயத்தில் யாரை எழுதுவது?

முதுநகர்க்காரன்:
கடலூர் முதுநகர் டீக்கடையில் நாங்கள் ஆறு பேர். வரும் ஆண்டில் போய்ச் சேரக்கூடிய பிரபலங்கள் பத்துப் பேரை மார்கழிக் கடைசியில் சீட்டில் எழுதுவோம். நூறிலிருந்து போனவரின் வயதைக் கழித்தால் மதிப்பெண். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரை 96 வயதிலிருந்து விடாமல் எழுதினேன். மனிதர் 2024 டிசம்பர் 29இல்தான் போனார், சரியாக 100 வயதில். எனக்குக் கிடைத்தது சுழியம்! கிழவர்களை எழுதுவது வீண்தானா?

புதுவை அத்தை:
தம்பி, பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியம் வாங்கிய என் மாமனார் சொன்ன கதை இது. பிரான்சில் ஆர்ல் நகரத்து ழான் கல்மான் பாட்டிக்கு 90 வயது. அவர் காலத்துக்குப் பின் வீடு தனக்கு என்று, 47 வயது நோட்டரி ஒருவர் 1965இல் மாதம் 2,500 பிராங்க் கட்டத் தொடங்கினார். 1995இல் நோட்டரி போய்விட்டார். அவர் மனைவி தொடர்ந்து கட்டினார், பாவம். பாட்டி 1997 வரை, 122 வயது வரை இருந்தார்.

நெல்லிக்குப்பத்தான்:
அவரை எழுதியிருந்தால் கழித்தல் 22! நம் ஊர் நடிகர்களை எழுதலாமே?

முதுநகர்க்காரன்:
கூடாது, அதுதான் முதல் விதி. ரசிகர்களுக்குத் தெரிந்தால் அந்த ஆண்டுப் பட்டியலில் நாங்கள்தான் இருப்போம். அத்தை, உங்கள் மாமனாருக்கு இப்போது என்ன வயது?

புதுவை அத்தை:
சீட்டை மடித்து வை தம்பி.