கலைச்சொல் வேண்டும்: காதில் கேட்டபடி தன்போக்கில் நகரைச் சுற்றும் நடைக்கு

சு., கோவை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கின் பழைய பகுதியை நடந்து பார்க்க உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். உள்ளே இருக்கும் உரைகள் முடிந்துவிட்டன. முகப்பில் நிற்க வேண்டிய பெயர்தான் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் 'செல்ஃப் கைடட் ஆடியோ வாக்கிங் டூர்' என்கிறார்கள். வழிகாட்டி என்று ஆள் யாரும் உடன் வருவதில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, விரும்பிய நேரத்தில் தொடங்கி, விரும்பிய இடத்தில் நிறுத்தி, காப்பி குடித்துவிட்டு மறுபடி தொடரலாம்.

'தன்வழிகாட்டு ஒலி நடைச்சுற்றுலா' என்று எழுதிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது. தனக்குத் தானே வழிகாட்டுவதாவது! வழி காட்டுவது காதில் ஒலிக்கும் குரல் அல்லவா? பொத்தானில் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமும் இல்லை.

எப்படிப்பட்ட உரை என்று தெரிவதற்காக ஒரு பத்தி தருகிறேன்:

"பழைய நகர மன்றத்தின் கிழக்குச் சுவர் ஓரமாக நில்லுங்கள். குனிந்து தரையைப் பாருங்கள். வெள்ளைக் கற்களால் பதித்த சிலுவைகள் தெரியும், மொத்தம் 27. ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த 27 பேர் 1621 ஜூன் 21 அன்று இந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பன்னிருவரின் தலைகள் பாலத்துக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கின. நாம் அடுத்து அந்தப் பாலத்துக்குத்தான் நடக்கப்போகிறோம்."

நிற்பது, குனிவது, நடப்பது எல்லாம் கேட்டுக்கொண்டே. இதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

*

பேரா. இ., தஞ்சாவூர் எழுதியது:

அன்பு மகளுக்கு,

புதிதாக எதற்குச் சொல் தேடுகிறாய்? பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கு இருக்கும் பெயர் இது: ஆற்றுப்படை. முன்னே போய்ப் பரிசில் பெற்று வந்தவன், எதிரே வருகிறவனை நிறுத்தி, 'இந்த வழியே போ, இன்ன மலை வரும், இன்ன ஊர் வரும், அங்கே இன்ன உணவு கொடுப்பார்கள்' என்று சொல்லி அனுப்புகிறான். சொன்னவன் கூடப் போவதில்லை. அவன் சொல்தான் கூடப் போகிறது. உன் செயலியில் நடப்பதும் அதுவே. 'ஒலியாற்றுப்படை' என்று வை.

ஆறு என்றால் வழி. நீர் தானே அறுத்துக்கொண்டு போன வழி என்பதால் நதிக்கும் அப்பெயர் வந்தது. அறு, ஆறு என்று முதல் நீண்டது. வழியின் பெயரை நதி வாங்கிக்கொண்டது என்பதே என் துணிபு. இதை மறுப்பவர்கள் சான்று தரட்டும்.

*

கா., பெங்களூரு எழுதியது:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஆற்றுப்படை பொருளால் பொருந்துகிறது என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் பொத்தானில் 'படை' என்று பார்க்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் போர்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'கேட்புலா'. கேட்பு, உலா. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியிருக்கிறது, இலக்கணத்தில் குறையில்லை. சுற்றுலாவை நாடே ஏற்றுக்கொண்டது. அதே அச்சில் இதுவும் நிற்கும்.

ஆங்கிலப் பெயரில் உள்ள 'தன்' எதைக் குறிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் 1952இல் ஒலிவழிகாட்டி வந்தபோது பார்வையாளர்கள் கையில் வானொலிக் கருவியைப் பிடித்திருந்தார்கள். ஒரே உரை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பானது. அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக நகர வேண்டியிருந்தது. ஆள் இல்லை, ஒலி இருந்தது; ஆனாலும் அவரவர் வேகத்துக்கு இடமில்லை. இன்று இருப்பதன் சிறப்பே அவரவர் வேகம்தான். ஆகவே 'வழிகாட்டு' என்ற சொல்லை விட்டுவிட்டு அந்த வேகத்தைப் பிடிக்கும் சொல்லைத் தேடலாம்.

*

வ., யாழ்ப்பாணம் எழுதியது:

உலா என்பதை ஏற்கமாட்டேன், தம்பி. உலா என்னும் பாட்டு வகையில் அரசனோ இறைவனோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிர் அவனைப் பார்ப்பார்கள். உலாப் போகிறவன் பார்க்கப்படுகிறவன். இங்கே நடக்கிறவர் பார்க்கிறவர். திசையே தலைகீழ்.

எங்களிடம் 'நடைபவனி' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. பாடசாலைப் பழைய மாணவர்கள் நடத்துவார்கள், செய்தித்தாளில் வரும். ஆனால் அது கூட்டமாகப் போவது. தனி ஒருவருக்குப் பொருந்தாது என்பதால் நானே அதை முன்மொழியவில்லை.

'செவிவழி உலா' என்று யாரும் சொல்லிவிடுவதற்கு முன் அதையும் மறுத்துவிடுகிறேன். செவிவழிச் செய்தி என்றால் ஆதாரமில்லாமல் வாய்க்கு வாய் வருவது. ஆண்டும் நாளும் சொல்லி உரை எழுதியவர்களுக்கு அது அநீதி.

*

த., ஃபிராங்க்ஃபர்ட் எழுதியது:

யாழ்ப்பாணத்து அண்ணாவின் மறுப்பு அழகானது. ஆனால் அந்த நகரில் உலாவுக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது.

பிராக்கில் பெரும்பாலான நடைகள் போவது 'அரச வழி' என்னும் பாதையில். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, செலெட்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், பிறகு நெருடோவா தெருவின் ஏற்றம், கடைசியில் கோட்டை. பொகீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மன்னர்கள் முடிசூட ஊர்வலமாகச் சென்ற வழி அது. கடைசியாக முடிசூடியவர் ஐந்தாம் ஃபெர்டினாண்ட், 1836இல். மன்னன் உலாப் போன வீதியிலேயே இன்று நாம் நடக்கிறோம். இரண்டு பக்கமும் மாடங்கள் இன்னமும் நிற்கின்றன.

நான் அந்த வழியில் இயர்போனோடு நடந்திருக்கிறேன். எது நினைவில் நிற்கிறது என்றால், குரல் என்னை எங்கே நிற்க வைத்தது என்பதுதான். நெருடோவா தெருவில் வீட்டு வாசல்களுக்கு மேலே சின்னங்கள் இருக்கின்றன: மூன்று வயலின்கள், இரண்டு சூரியன்கள், ஒரு தங்கச் சாவி. 1770இல் வீட்டு எண்கள் வருவதற்கு முன் இவைதான் முகவரி. ஏற்றத்தில் மூச்சிரைக்க நடப்பவர்களை அந்தக் குரல் நிறுத்தி, 'வலப்பக்கம் வாசலுக்கு மேலே பாருங்கள்' என்கிறது. கண் தானாகப் பார்க்காத உயரம் அது. கூட்டத்தோடு வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் ஓடியிருந்தால் தவறவிட்டிருப்பேன். மூன்று வயலின்களுக்குக் கீழே வேண்டிய மட்டும் நின்றேன், யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆகவே 'தன்போக்கு நடை' என்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

*

பேரா. இ., தஞ்சாவூர் எழுதியது:

'தன்போக்கில் திரிகிறான்' என்று எந்தத் தாயாவது மகனைப் பாராட்டிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல்லில் வசை ஒட்டியிருக்கிறது.

உலாவைப் பற்றி ஒரு வார்த்தை. உலவு, உலாவு, உலா, உலகு எல்லாம் ஒரே வேர். சுற்றிச் சுழல்வதால் உலகு. எனவே 'சுற்றுலா' என்பதே கூறியது கூறல்.

*

வ., யாழ்ப்பாணம் எழுதியது:

உலகுக்கு அந்த வேரைச் சொல்வதற்கு முன் 'லோகம்' எங்கிருந்து வந்தது என்ற வழக்கை முடிக்க வேண்டும், ஐயா. பூமி சுழல்வதை அறிந்து பெயர் வைத்தார்கள் என்பதை என்னால் ஏற்க இயலாது.

அது கிடக்கட்டும். பிராக் என்றதும் எனக்குக் கமில் சுவெலபில்தான் நினைவுக்கு வருகிறார். 1927இல் அந்த நகரில் பிறந்து, அங்கேயே தமிழ் கற்பித்து, 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறியவர். நம் இலக்கியத்தை ஐரோப்பாவும் அமெரிக்காவும் மதித்துப் படிக்கச் செய்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர். தமிழில் வரும் பிராக் செயலியில் அவருக்கு ஓர் இடம் உண்டா? பல்கலைக்கழகம் அந்தப் பழைய நகரில்தானே இருக்கிறது?

*

சு., கோவை எழுதியது:

அண்ணா, மூலத்தில் அவர் இல்லை. நானாகச் சேர்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் உங்கள் மடலைக் காட்டி நிறுவனத்தாரிடம் கேட்கிறேன். தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் ஒரு பத்தி கூடுதலாக இருந்தால் தவறில்லை என்றே நானும் நினைக்கிறேன்.

பெயர் இன்னமும் வரவில்லை. நாளை மறுநாள் வெள்ளி.

*

கா., பெங்களூரு எழுதியது:

ஒரு செய்தியை நாம் யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பெயர் படிக்கப்படுவதைவிட அதிகமாகக் கேட்கப்படப்போகிறது. செயலியைத் திறந்ததும் குரல், 'வணக்கம், இது பழைய நகரத்தின் இன்ன நடை' என்று தொடங்கும். பக்கத்தில் டிராம் போகும், சுற்றிலும் பல மொழிப் பேச்சு. அந்த இரைச்சலில் ஒரே முறை கேட்டுப் புரிய வேண்டும். என் 'கேட்புலா'வை வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அம்மா 'காப்புலாவா?' என்று கேட்டார். திரும்பப் பெறுகிறேன்.

புரிந்தே ஆக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய நகரின் குறுகிய தெருக்களில் ஜி.பி.எஸ். அலை உயர்ந்த சுவர்களில் பட்டுத் திரும்புவதால் இருப்பிடம் தள்ளிக் காட்டும். பக்கத்துத் தெருவின் கதை இங்கே ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் நல்ல உரையாசிரியர்கள், 'முதுகைச் சுவருக்குக் காட்டி நில்லுங்கள், எதிரே இரட்டைக் கோபுரம் தெரிகிறதா?' என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் உறுதிப்படுத்துகிறார்கள். கருவி தடுமாறும் இடத்தில் தாங்குவது சொல்தான்.

இதை வைத்து 'குரல்வழி நடை' என்று நினைத்தேன். ஆனால் 'குரல்வழித் தேடல்' ஏற்கெனவே வேறு பொருளில் பரவிவிட்டது. நாம் பேசினால் கருவி கேட்பது அது. இங்கே கருவி பேச நாம் கேட்கிறோம்.

*

த., ஃபிராங்க்ஃபர்ட் எழுதியது:

தம்பி சொன்னதைத் தொட்டுக்கொண்டு: 'வழித்துணை' என்ற சொல்லை எந்தப் பாட்டியும் அறிவார். வழிகாட்டி முன்னே போகிறவர். துணை கூட வருவது. நான் நின்றால் அதுவும் நிற்கும். 'குரல்துணை நடை' என்று சொல்லலாமா?

*

பேரா. இ., தஞ்சாவூர் எழுதியது:

துணை என்பது நல்ல சொல், மறுக்கமாட்டேன். ஆனால் குரலுக்கும் துணைக்கும் இடையே லகரமும் தகரமும் அப்படியே நிற்கக் கூடாது. 'குரற்றுணை' என்று எழுதுங்கள், அல்லது எழுதாதீர்கள்.

*

கா., பெங்களூரு எழுதியது:

குரற்றுணையை டிராம் சத்தத்தில் யாரும் பிரித்துக் கேட்க முடியாது, ஐயா. புணர்ச்சியும் பிழைக்க வேண்டும், காதும் பிழைக்க வேண்டும் என்றால் 'ஒலித்துணை நடை'. இகரத்தின் பின் தகரம் மிகுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

த., ஃபிராங்க்ஃபர்ட் எழுதியது:

ஒலி என்பது மணிச் சத்தமும்தானே, குரலின் மனிதத் தன்மை போய்விடுகிறதே என்று முதலில் தயங்கினேன். பிறகு தோன்றியது: நகர மன்றத்துக் கோபுரத்தின் வானியல் கடிகாரம் 1410 முதல் இருக்கிறது, மணிதோறும் அப்போஸ்தலர் பொம்மைகள் சாளரத்தில் வந்து போகின்றன. நல்ல ஒலிநடைகளில் அந்த மணியோசையும் பாலத்து நீரோசையும் சேர்ந்தே வருகின்றன. குரல் மட்டும் துணை அல்ல. ஒலித்துணைக்கு என் வாக்கு.

*

வ., யாழ்ப்பாணம் எழுதியது:

ஒலித்துணை நடை எனக்கும் சம்மதம்.

ஆனால் நடையில் நின்று கேட்கும் இடங்களுக்கு என்ன பெயர்? 'நிறுத்தம்' என்று போட்டுவிடாதீர்கள். நிறுத்தம் என்றால் ஓட்டுநர் நிறுத்துவது. எங்கள் பேருந்துகளுக்கே 'தரிப்பிடம்' என்றுதான் சொல்கிறோம். தரித்தல் என்றால் தானாக நிற்பது.

*

பேரா. இ., தஞ்சாவூர் எழுதியது:

மண்டகப்படி. சுவாமி புறப்பாட்டில் இடையிடையே தங்குமிடத்துக்கு நம் ஊரில் அதுதான் பெயர். பாலத்தில் முப்பது சிலைகள் இருக்கின்றன என்றால், அங்கே மண்டகப்படி என்ற சொல் அந்நியமாகவும் இராது.

முகப்புப் பெயரில் பெரும்பான்மை எது என்பது தெரிகிறது. என் எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன். ஒலித்துணை என்பதில் துணை இருக்கிறது, வழி இல்லை. ஆற்றுப்படையில் இரண்டும் இருக்கின்றன. அடுத்த தலைமுறை கேட்கும், ஏன் விட்டீர்கள் என்று.

*

சு., கோவை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பொத்தானில் 'ஒலித்துணை நடை' என்று அனுப்பிவிட்டேன். முன்னுரையின் முதல் வரியில், 'இது பிராக் நகருக்கு ஓர் ஆற்றுப்படை' என்று எழுதியிருக்கிறேன், பேராசிரியர் ஐயா. அங்கே எழுத்து வரம்பு இல்லை.

மண்டகப்படியில் வழிபாட்டு மணம் கூடுதல். பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்ட புனிதர் நெப்போமுக் ஜானின் சிலை முன்னால் பொருந்தலாம். 27 சிலுவைகளின் முன்னால் பொருந்தாது. 'தரிப்பிடம்' கோவை, மதுரைக்காரர்களுக்குப் புதிது. வேறு சொல் கிடைக்காததால் இப்போதைக்கு 'நிறுத்தம்' என்றே போட்டிருக்கிறேன். திங்கள்கிழமை வரை திருத்தலாம் என்கிறார்கள்.

*

வ., யாழ்ப்பாணம் எழுதியது:

திங்கள் வரை நேரம் இருக்கிறதென்றால் நிறுத்தத்தை இன்னும் ஒத்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். கோவைக்கும் மதுரைக்கும் புதிது என்பது ஒரு காரணமா, தங்கச்சி? 'சுற்றுலா'வும் ஒரு நாள் புதிதாகத்தானே இருந்தது? தரிப்பிடத்துக்காகத் தனி இழை தொடங்குகிறேன். சுவெலபில் பற்றி நிறுவனத்தார் என்ன சொன்னார்கள் என்பதையும் அங்கே எழுதுங்கள்.