ஒன்பது பாடல்களுக்கு ஒரு பத்தியா? நாளிதழ்களின் ஆல்பம் விமர்சனம் பற்றி

ஈசூன் செல்வி:
போன வெள்ளிக்கிழமை ஆங்கில நாளிதழ் ஒன்றின் இசைப் பக்கத்தைப் பார்த்தீர்களா? நம் சிங்கப்பூர்ப் பையன் ஒருவன் சொந்தக் காசில் வெளியிட்ட தமிழ் ஆல்பத்துக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஒன்பது பாடல்களுக்கும் சேர்த்து ஒரே பத்தி. உழைப்பு தெரிகிறது, ஆனால் பாடல்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, நான்காம் பாடலில் தாளம் தடுமாறுகிறது என்கிறார் விமர்சகர். அதோடு முடிந்தது. அதே பக்கத்தில் அமெரிக்கப் பாடகி ஒருவரின் ஆல்பத்துக்குப் பெரிய படத்தோடு அரைப் பக்கம், நான்கு நட்சத்திரம்.

அந்தப் பாடகிக்கு இரண்டு நட்சத்திரம் குறைந்தாலும் ஒரு டிக்கெட்கூட விற்காமல் போகாது. இந்தப் பையனின் நிலை வேறு. பகலில் வேலை, இரவில் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் ஒலிப்பதிவு. நாளைக்கு ஒரு சமூக மன்றமோ நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ அவன் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படப்போவது இந்தப் பத்திதான். எழுதுவதானால் ஒழுங்காக எழுத வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

சிராங்கூன் வாசகர்:
உங்கள் கோபம் புரிகிறது செல்வி, ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. விட்டுவிடுவதைத்தானே நாம் இத்தனை காலமாகச் செய்துவருகிறோம்? நம் வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். பொன்னாடை, வாழ்த்துரை, மேடையில் குழுப்படம். ஷபீர், லேடி காஷ், யுங் ராஜா என இந்த ஊரிலிருந்து கிளம்பிப் பெயர் வாங்கிய இசைக் கலைஞர்களைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் பேட்டிகள். எப்படி வளர்ந்தார், வீட்டில் என்ன சொன்னார்கள், அடுத்த திட்டம் என்ன. பாட்டைப் பாட்டாக எடுத்துவைத்துக்கொண்டு, இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது, இந்த இடம் வரவில்லை என்று சொல்லும் எழுத்து அரிதாகவே கண்ணில் பட்டது.

தமிழில் அந்த மரபு இல்லாமல் இல்லை. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமர்சனம் எழுதியவர் கல்கி. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இசை விமர்சகர் சுப்புடு எழுதியதைப் பெரிய பெரிய வித்துவான்கள் பயந்துகொண்டே படித்தார்கள். அந்தக் கண்டிப்பால் இசை அழிந்துபோகவில்லை. உலக நட்சத்திரத்தை எடைபோட்ட அதே தராசில் நம் பையனையும் எடைபோட்டிருக்கிறார்கள். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மேளக்காரர்:
தராசு சரியாக இருந்தால்தானே ஐயா மரியாதை? விமர்சகர் தடுமாறுகிறது என்று எழுதிய நான்காம் பாடலை மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அது மிஸ்ர சாபு. மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி, தகிட தகதிமி. நான்கு நான்காகவே எண்ணிப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி விழுங்கப்பட்டதுபோல் தோன்றும். அதைத் தடுமாற்றம் என்று அச்சில் ஏற்றிவிட்டார்.

எல்லோரும் தலையாட்டும் நான்கடித் தாளத்திலேயே பாப் பாட்டுகள் வந்துகொண்டிருக்கும்போது, ஏழு எண்ணிக்கையில் ஒரு பல்லவியை எழுதி, அதைப் பஸ்ஸில் முணுமுணுக்கும் அளவுக்கு எளிமையாகவும் வைத்திருக்கிறான் அந்தப் பையன். ஆல்பத்திலேயே துணிச்சலான இடம் அதுதான். குறை என்று எழுதப்பட்டதும் அதுவேதான். கல்கியும் சுப்புடுவும் எவ்வளவு கடுமையாக எழுதினாலும் கச்சேரியில் முழுதாக உட்கார்ந்து, ராகமும் தாளமும் அறிந்து எழுதினார்கள். இவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

பாசிர் ரிஸ் 510:
அண்ணன், அக்கா, ஐயா எல்லோருக்கும் ஒரு கேள்வி. நாளிதழைப் படித்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா? காசு கொடுத்து சிடி வாங்கிய காலத்தில் யாராவது முன்கூட்டிச் சொன்னால் உதவியாக இருந்திருக்கும். இப்போது கைப்பேசியைத் தட்டினால் பாட்டு. பிடித்தால் கேட்கிறோம், பிடிக்காவிட்டால் அடுத்தது.

விமர்சகர்களின் அவசரத்தையும் பாருங்கள். டெய்லர் ஸ்விஃப்ட் 2024 மார்ச்சில் நம் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடினார். ஏப்ரல் 19ஆம் தேதி அவருடைய புதிய ஆல்பம் வந்தது, நமக்கு அப்போது நண்பகல். இரண்டு மணி நேரம் கழித்து மேலும் 15 பாடல்கள், மொத்தம் 31. எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டு முடிக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கே பல இதழ்களில் விமர்சனம் வந்துவிட்டது. 1969இல் லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் இதழ் மட்டம்தட்டி எழுதியது. அந்த ஆல்பத்தை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய தீர்ப்பு நின்றது?

சிராங்கூன் வாசகர்:
தம்பி, நீங்கள் சொன்ன அதே ஆல்பத்தின் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் பேஸ்ட் இதழ் அதைக் கடுமையாக விமர்சித்தது, ஆனால் எழுதியவர் பெயரைப் போடவில்லை. 2019இல் அதே பாடகியின் ஆல்பத்தை விமர்சித்தவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததால் இப்படிச் செய்ததாகக் காரணமும் சொன்னது. ஒரு பாட்டு நன்றாக இல்லை என்று சொல்வதற்கே பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. பிட்ச்ஃபோர்க் போன்ற பெயர்பெற்ற இசை விமர்சனத் தளத்தையே 2024 ஜனவரியில் ஆண்களுக்கான ஜிக்யூ இதழோடு இணைத்தார்கள், பலர் வேலை இழந்தார்கள். விமர்சகர் மனம்போனபடி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும் காலமில்லை இது. பயந்துகொண்டே எழுதும் காலம். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டரை என்று ஒருவர் துணிந்து போட்டிருக்கிறார்.

மேளக்காரரே, தாளம் பற்றி நீங்கள் சொன்னது விமர்சகருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரியைக் காட்டி முழுப் பத்தியையும் தள்ளிவிடலாமா?

ஒலிக்கூடம்:
ஒலிக்கலவை செய்வது என் பிழைப்பு. அதனால் பாடல்கள் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்ற வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது உண்மை. ஒன்பதில் ஆறு பாடல்களில் ஒரே தாள ஒலித்துணுக்கு, அதே எதிரொலி. எல்லாவற்றையும் உச்ச சத்தத்துக்கு நெருக்கித் தள்ளியிருக்கிறார். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களின் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அதனால் நெருக்கியதில் கூடுதல் சத்தம் எதுவும் கிடைக்கவில்லை. மெல்லிய இடமும் ஓங்கிய இடமும் ஒன்றாகிப்போனதுதான் மிச்சம். ஏழாம் பாடலில் ஒரு புல்லாங்குழல் வருகிறது. ஹெட்போனில் கேட்டால்தான் இருப்பதே தெரியும்.

அண்ணே, நான்காம் பாடலிலும் ஒன்று இருக்கிறது. மிஸ்ர சாபு என்பது சரி. ஆனால் இரண்டாம் சரணத்தில் குரல் அரை அட்சரம், அதாவது அரை எண்ணிக்கை, பிந்தி விழுந்து, மூன்று சுற்றுக்குப் பிறகுதான் தாளத்தோடு சேர்கிறது.

மேளக்காரர்:
அனாகத எடுப்பாக ஏன் இருக்கக் கூடாது? தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்குவது நம் இசையில் உள்ள வழக்கம்தானே?

ஒலிக்கூடம்:
முதல் சரணத்தில் அதே மெட்டு, அதே வரி நீளம், தாளத்தின் முதல் அடியான சமத்திலேயே தொடங்குகிறது. இரண்டாம் சரணத்தில் மட்டும் பிந்துகிறது, அதுவும் சுற்றுக்குச் சுற்று ஒரே அளவில் இல்லை. திட்டமிட்ட எடுப்பு இப்படி அலையாது.

ஈசூன் செல்வி:
நீங்கள் இருவரும் எழுதியதைப் பாருங்கள். எந்தச் சரணம், எந்த இடம், எவ்வளவு பிந்துகிறது, புல்லாங்குழல் எங்கே புதைந்தது. இதைப் படித்தால் அந்தப் பையன் அடுத்த பாட்டில் திருத்திக்கொள்வான். நாளிதழின் பத்தியைப் படித்து அவன் எதைத் திருத்துவான்? கடுமை எனக்குப் பிரச்சினையே இல்லை. காரணம் சொல்லாத தீர்ப்புதான் பிரச்சினை. ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இலிருந்து ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூடத்து மதிப்பெண் போல் ஏ, பி என்று போட்டுக் குட்டி விமர்சனங்கள் எழுதியவர். சில வரிகளானாலும் அவற்றில் ஒரு வாதம் இருக்கும். காரணம் சொல்லாததற்கு இடப் பற்றாக்குறையைச் சாக்காகக் காட்ட முடியாது.

தம்பி, கேட்டுவிட்டுக் கடந்து போகலாம் என்றீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பங்குத்தொகை உண்டு. பெரிய பாடகர்களுக்கு ஆயிரம் ஒரு கணக்கே இல்லை. சிங்கப்பூரில் தமிழில் பாடும் புதியவருக்கு, இப்படி ஒரு பாட்டு இருக்கிறது, கேளுங்கள் என்று யாராவது சொன்னால்தான் அந்த ஆயிரம் வரும்.

பாசிர் ரிஸ் 510:
அதைச் சொல்ல நாளிதழ் எதற்கு அக்கா? ஒலி 96.8 வானொலியில் இரண்டு தடவை ஒலித்தால் போதும். நான் நண்பர்களுக்கு அனுப்பினால் போதும். நான்காம் பாடலை நேற்றே அனுப்பிவிட்டேன். ஏழு எண்ணிக்கை என்று எனக்குத் தெரியாது, பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சிராங்கூன் வாசகர்:
பிடித்திருந்தது என்பதோடு ஒரு பாட்டின் வாழ்க்கை முடிந்துவிட வேண்டுமா தம்பி? ஐம்பது ஆண்டு கழித்து இந்த ஊரில் தமிழில் என்ன பாடினார்கள் என்று ஒருவர் தேடினால் அவர் கையில் கிடைக்கப்போவது அச்சில் இருப்பதுதான். நண்பர்களுக்கு நீங்கள் அனுப்பிய செய்தி கிடைக்காது.

செல்வி, காரணத்தோடு எழுத வேண்டும் என்கிறீர்கள். சரி, நாமே எழுதுவோம். இங்கேயே, ஒன்பது பாடல்களுக்கும். தாளத்தை மேளக்காரர் எழுதட்டும், ஒலியை ஒலிக்கூடம் எழுதட்டும், பாடல் வரிகளை நான் பார்க்கிறேன். முடிந்ததும் நாளிதழின் இசைப் பக்க ஆசிரியருக்கும் அனுப்புவோம்.

மேளக்காரர்:
எழுதுகிறேன். நட்சத்திரம் மட்டும் வேண்டாம் ஐயா.

சிராங்கூன் வாசகர்:
வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கம் எழுதிவிட்டு, மொத்தத்தில் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லாமல் நழுவினால் அதுவும் பொன்னாடைதான்.

ஈசூன் செல்வி:
நட்சத்திரம் போடுவதானால் ஒரு நிபந்தனை. வெளியிடும் முன் அந்தப் பையனுக்கு அனுப்பி, அவன் சொல்வதையும் கேட்க வேண்டும். இரண்டாம் சரணம் ஏன் அப்படி என்று அவனே விளக்கட்டும்.

சிராங்கூன் வாசகர்:
அதற்கு நான் உடன்பட மாட்டேன். அவனுக்குக் காட்டிவிட்டு எழுதினால் அது அவனுக்காக எழுதியதாகிவிடும். வெளிவந்த பிறகு அவன் இங்கே வந்து மறுக்கட்டும், திட்டட்டும், ஒரு வரியையும் நீக்காமல் பதில் சொல்கிறேன். முதல் மூன்று பாடல்களின் வரிகளைப் பற்றிய என் விமர்சனத்தை ஞாயிற்றுக்கிழமை இரவு இங்கே பதிவிடுகிறேன்.