குறைபார்வை உள்ள மாணவி குதிரை லாயத்தில் எந்த வேலையிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: கால்நடைப் படிப்பு. சில அடிக்கு அப்பால் எல்லாமே மங்கல். சவாரி வேண்டாம், பராமரிப்பு அனுபவம்தான் வேண்டும். என்ன வேலை கேட்கலாம்?

பதில் 1: உடம்பு தேய்ப்பதும் குளம்பு சுத்தமும் கேளுங்கள். இரண்டும் கைக்குத் தெரிகிற வேலை. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் எதுவும் தெரியாது. பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாக அணுகுங்கள். பின்புறம் சுற்றும்போது ஒரு கையை அதன் மேல் வைத்து ஒட்டியே நடக்கணும். சற்றுத் தள்ளி நின்றால்தான் உதை முழு வேகத்தில் விழும். குளம்பிலுள்ள அழுக்கை எடுக்கும் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கி இழுங்கள். நடுவிலுள்ள முக்கோண மென்பகுதியைக் குத்தாதீர்கள். அதன் இருபுறப் பள்ளங்களில் அழுகல் இருந்தால் நாற்றமே சொல்லிவிடும்.

பதில் 2: தீவனத்துக்குப் பேசும் தராசு வாங்குங்கள். குவளை அளவு ஏமாற்றும், தானியத்துக்குத் தானியம் எடை மாறும். இதயத் துடிப்பையும் காதால் எண்ணலாம்: ஸ்டெதஸ்கோப்பைக் குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்தால், ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. உடல் மெலிவையும் விலாவைத் தடவித்தான் மதிப்பிடுவார்கள், அங்கே உங்களுக்குக் குறை ஏதுமில்லை. குதிரையை நடத்திச் செல்லும் கயிற்றை மட்டும் கையில் சுற்றவே கூடாது. குதிரை மிரண்டால் விரல் போய்விடும்.

பதில் 3: முதல் நாளே கேட்டுவிடுங்கள்: கருவிகள் வைத்த இடத்திலேயே இருக்கணும், வைக்கோல்வாரிக் கைப்பிடியில் பளிச் மஞ்சள் டேப். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கண் பழகும்வரை வாசலிலேயே நில்லுங்கள். மேய்ச்சல் கூட்டத்திலிருந்து குதிரை பிடிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எது கோபத்தில் காதைப் பின்னால் மடக்கி நிற்கிறது என்று தூரத்திலிருந்து தெரியாது.