வவுனியாக் காணியும் ஹொலிறூட்டும்

நான்: பெரியப்பா, வவுனியாக் காணியின் பழைய உறுதிப் பத்திரத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். ‘ஏக்கர் 1, றூட் 2, பேர்ச் 15’ என்று இருக்கிறது. இந்த றூட் எவ்வளவு?

பெரியப்பா: 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். மொத்தம் 255 பேர்ச், எங்கள் கணக்கில் இருபத்தைந்தரைப் பரப்பு.

தங்கச்சி (எடின்பரோ): றூட்டா? இங்கே நான் வேலைக்குப் போகிற வழியில் ஹொலிறூட் இருக்கிறதே, அரண்மனை, பார்லிமென்ட் எல்லாம். அந்தச் சொல்லும் இதுதானா?

பெரியப்பா: இதேதான் பிள்ளை! பழைய ஆங்கிலத்தில் ‘றோட்’ என்றால் தடி, கம்பம். பதினாறரை அடித் தடியை வைத்துத்தான் வயல் அளந்தார்கள், ஒரு தடிச் சதுரம் ஒரு பேர்ச், ஒரு தடி அகலமும் 40 தடி நீளமுமாக அளந்த துண்டு ஒரு றூட். ஆளைத் தொங்கவிட்டுக் கொல்கிற மரத்துக்கும் அதே பெயர், அதனால் இயேசுவை அறைந்த மரமும் றூட் ஆனது. ஹொலிறூட் என்றால் திருச்சிலுவை. 1128இல் முதலாம் டேவிட் அரசன் அங்கே ஒரு மடம் கட்டினான், அதன் பெயர்தான் இது.

மாமி: அப்போ ‘கிராஸ்’ என்ன அண்ணா?

பெரியப்பா: அது பிறகு வந்தது. லத்தீன் ‘குருக்ஸ்’ அயர்லாந்துக்குப் போய் அங்கிருந்து வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடலோடிகளின் வாயில் ஏறி இங்கிலாந்துக்கு வந்த சொல். நாங்கள் சொல்லும் ‘சிலுவை’ சிரியாக் மொழியின் ‘ஸ்லீவா’, ‘குருசு’ போர்த்துக்கீசர் கொண்டுவந்தது.

பெரியப்பா: இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘ட்ரீம் ஆஃப் த றூட்’ என்று பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று இருக்கிறது, அதில் அந்த மரமே பேசுகிறது. காட்டின் ஓரத்தில் நின்ற என்னை வெட்டிக் கொண்டுபோனார்கள், அவர் என்னைத் தழுவியபோது நடுங்கினேன், ஆனாலும் குனியத் துணியவில்லை, எதிரிகள் எல்லாரையும் விழுத்தியிருக்கலாம், நிமிர்ந்தே நின்றேன் என்று சொல்லும். ஆணி அடித்த காயம் அதன் உடம்பிலும் இருக்கும். எத்தனை தரம் வாசித்தாலும் அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துவிடும் எனக்கு.

தங்கச்சி: பெரியப்பா, இங்கே ஸ்கொட்லாந்தில் ருத்வெல் கோயிலில் இருக்கிற கல்லுச் சிலுவையா? போன கோடையில் போனோமே! 18 அடி உயரம், கோயிலுக்குள் நிலத்தைப் பள்ளமாக்கித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டில் கொடி ஓடுகிறது, கொடிக்குள் பறவைகளும் மிருகங்களும் பழம் கொத்துகின்றன, ஓரம் முழுக்கக் கீறல் கீறலாக எழுத்து.

பெரியப்பா: அதேதான், ரூனிக் என்கிற பழைய வட ஐரோப்பிய எழுத்து! 8ஆம் நூற்றாண்டுக் கல். அந்தக் கவிதையின் வரிகள்தான் அதில் இருக்கின்றன, ‘கிறிஸ்து றூட்டின் மேல் இருந்தார்’ என்றும் ஒரு வரி. 1642 அளவில் சிலை வழிபாடு என்று சொல்லி உடைத்துப் போட்டார்கள். ஹென்றி டங்கன் என்ற போதகர் துண்டுகளைத் தேடி ஒட்டி 1823இல் திரும்ப நிறுத்தினார், அந்த மனுசனுக்குக் கோடி புண்ணியம். படம் இருந்தால் போடு பிள்ளை, எழுத்துள்ள பக்கம்.

தங்கச்சி: இருக்கிறது, வேலை முடிந்து வந்து தேடிப் போடுகிறேன்.

மாமி: எனக்கும் பார்க்க வேண்டும், பெரிதாக்கிப் போடு.

பெரியப்பா: தம்பி, நீ உறுதியின் 2ஆம் பக்கத்தைத் திரும்ப எடு. வடக்கு எல்லை எழுதியிருக்கிற இடம் மடிப்பில் மறைந்துவிட்டது.