பிளாஸ்மானுக்கு 'மின்னோதம்' பொருந்துமா?

வணக்கம்.

உலோகப் பரப்பின் எலக்ட்ரான்கள் ஒளியால் கூட்டமாக ஆடுவதைச் சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசொனன்ஸ் (surface plasmon resonance) என்கிறார்கள். இதற்குத் தமிழில் 'பரப்பு மின்னலை (மின் + அலை) ஒத்ததிர்வு' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு 'மின்னலை' உறுத்துகிறது. 'மின்னலைத் தூண்டும் ஒளி' என்று எழுதினால் படிப்பவருக்கு மழைக்கால மின்னல்தான் நினைவுக்கு வரும். மாற்றாக 'கூட்டலை' (கூட்டு + அலை) என்றால் கணக்குக் கூட்டல் குறுக்கே நிற்கிறது.

சரி, அங்கே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். கண்ணாடிச் சில்லின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு, அடியில் முப்பட்டகம். தகுந்தபடி தளவிளைவுற்ற (அதாவது அதிர்வு ஒரே தளத்தில் அமைந்த) ஒற்றைநிற ஒளியை அதன் வழியே செலுத்திப் படுகோணத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், ஒளி ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துகொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் சட்டென்று மங்கிவிடும். அந்த ஒளியின் ஆற்றலை வாங்கிக்கொண்டு தங்கப் பரப்பின் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஆடுகின்றன. இந்தக் கூட்டாட்டம்தான் பிளாஸ்மான். கிரெட்ச்மனும் ரேத்தரும் 1968இல் காட்டிய அமைப்பு இது.

தங்கத்தின் மறுபக்கத்தில் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, மேலே மாதிரிக் கரைசலை ஓடவிடுவார்கள். தேடும் புரதம் வந்து பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தின் ஒளிவிலகல் எண் துளி கூடும், மங்கும் கோணம் நகரும். ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நானோகிராம் புரதம் ஏறினால் நகர்வு சுமார் 0.1 பாகை. சாயம் எதுவும் ஏற்ற வேண்டாம். மூலக்கூறு ஒட்டுவதும் விலகுவதும் நடக்கும்போதே திரையில் கோடாக ஏறி இறங்கும். இதை உணரியாக்கலாம் என்று சுவீடனில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் 1983இல் காட்டினார்கள். 1990இல் இந்த முறையில் இயங்கும் பயாகோர் (Biacore) கருவி விற்பனைக்கு வந்தது.

'பிளாஸ்மான்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று. இந்தக் கருவியில் ரத்தப் பிளாஸ்மாவையும் ஓடவிடுகிறோம். 'பிளாஸ்மாவைப் பிளாஸ்மான் உணரியில் செலுத்தினோம்' என்ற வாக்கியத்தில் மாணவர் தடுக்கி விழுவார்.

உலோகப் பிணைப்பை விளக்கும்போது 'எலக்ட்ரான் கடல்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். கடல் மொத்தமாக ஏறி வடிவதற்குத் தமிழில் ஓதம் என்ற பெயர் இருக்கிறது. புவியியல் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் சொல்தான். ஆகவே பிளாஸ்மானுக்கு 'மின்னோதம்' என்று முன்மொழிகிறேன். தொடர் 'பரப்பு மின்னோத ஒத்ததிர்வு' ஆகும், கருவி 'மின்னோத உணரி'. ஒளியின் அலையும் பரப்பின் அலையும் ஒத்துப்போகும் கோணத்தில்தான் இது நிகழ்கிறது என்பதால் 'ஒத்ததிர்வு' நன்றாகவே பொருந்துகிறது. இலங்கை வழக்குப்படி 'பரிவு' என்று எழுதுவோர் 'பரப்பு மின்னோதப் பரிவு' என்று இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்.

சுவரில் ஈரம் கசிவதையும் ஓதம் என்கிறோமே என்று கேட்பீர்கள். முன்னால் 'மின்' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுவதாகவே எனக்குப் படுகிறது. ஃபோட்டானைப் போல ஆற்றல் பொட்டலமாகப் பேச வேண்டிய இடத்தில், ஒளித்துகள் மாதிரியே 'மின்னோதத் துகள்' எனலாம்.

அப்புறம், கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரியும் சிவப்புக் கோடு. பல அட்டைகளில் அது தங்க நானோதுகள்களின் நிறம், அதற்கும் பிளாஸ்மானே காரணம். அங்கே ஆட்டம் துகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, பரப்பில் ஓடுவதில்லை. 'அடைபட்ட மின்னோதம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். 'அடைபட்ட' என்பது எனக்கே நிறைவாக இல்லை. இதைவிட நல்ல அடைமொழி தோன்றினால் எழுதுங்கள்.